ஒரு நாள் முகாமும் ஓராண்டுப் பொறுப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

  

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் உங்கள் கைகளில் உள்ளன. அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். நமக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் நாம் எடுத்துக்கொண்ட பொருள், நம்மைச் சூழ்ந்துள்ள பகுதிகளில் பொதுத்தொண்டு ஆற்றிவரும் சங்கங்களின் பணியும், அப்பணியில் நம் மஹல்லாவுக்கு இருக்கக்கூடிய பங்கும் ஆகும்.

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் பயணம் செய்யும் எவருடைய கண்ணிலும் இரண்டு சின்னங்கள் படாமல் இருப்பதில்லை. ஒன்று பற்சக்கரம், மற்றொன்று எதிரெதிர்த் திசைகளை நோக்கும் இரு சிங்க முகங்கள். பேருந்து நிழற்குடையின் நெற்றியிலும், அரசுப் பள்ளிக்குக் கட்டித் தந்த கழிப்பறைச் சுவரிலும், குடிநீர்த் தொட்டியின் பக்கத்திலும் இவை பொறிக்கப்பட்டிருக்கும். முன்னது ரோட்டரி சங்கத்தின் சின்னம்; பின்னது அரிமா சங்கம் என்று நாம் தமிழில் அழைக்கும் லயன்ஸ் சங்கத்தின் சின்னம். இவற்றைப் பார்த்துப் பழகிய அளவுக்கு இவற்றின் பின்னே உள்ள உழைப்பையும் முறையையும் நாம் அறிந்து வைத்திருக்கிறோமா என்பதே நம் முதற் கேள்வி.

தோன்றிய வரலாறு

1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வணிகர், ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்கலை வணிகர் ஆகிய மூவருடன் கூடிப் பேசினார். பெருநகரத்தின் தனிமையில் நட்பைத் தேடிய நால்வரின் சந்திப்பே அது. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்ற பெயர் நிலைத்தது. நட்புக்காகத் தொடங்கிய சங்கம் சில ஆண்டுகளுக்குள்ளாகவே பொதுப்பணியின் பக்கம் திரும்பியது. அதன் முதற் பெரும் பொதுப்பணி எது தெரியுமா? சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறைகள் அமைக்க முயன்றதுதான். மக்களின் உடனடித் தேவை எதுவோ அதிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள்.

அதே சிகாகோவில் 1917-ஆம் ஆண்டு மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவரின் முயற்சியால் லயன்ஸ் சங்கம் பிறந்தது. 1925-இல் அதன் மாநாட்டுக்கு வந்த ஹெலன் கெல்லர் அம்மையார், பார்வையும் செவிப்புலனும் இழந்திருந்த நிலையிலும், பார்வையற்றோருக்காகப் போராட வருமாறு உறுப்பினர்களை அழைத்தார். அன்று முதல் கண் தொடர்பான பணி அச்சங்கத்தின் முதன்மைப் பணியாயிற்று. நம் ஊர்த் திருமண மண்டபத்தில் அரிமா சங்கத்தார் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறார்கள் என்றால், அதன் வேர் அந்த அழைப்பில் இருக்கிறது.

இந்தியாவில் ரோட்டரி 1919-இல் கல்கத்தாவில் காலூன்றியது. சென்னைக்கு 1929-இல் வந்தது. லயன்ஸ் 1956-இல் பம்பாயில் தொடங்கியது. இன்று உலகெங்கும் ரோட்டரியில் சுமார் 12 இலட்சம் பேரும், லயன்ஸில் சுமார் 14 இலட்சம் பேரும் உறுப்பினர்களாக உள்ளனர். முற்காலத்தில் ஆண்கள் மட்டுமே உறுப்பினராக இருந்த இச்சங்கங்களில், 1980-களின் இறுதியில் பெண்களுக்கும் கதவு திறந்தது.

அவர்களிடம் உள்ள முறை

இச்சங்கங்களிடம் நாம் கவனிக்க வேண்டிய முதல் செய்தி, பதவி பற்றியது. ரோட்டரியாயினும் அரிமாவாயினும் ஆண்டு என்பது சூலை 1-ஆம் நாள் தொடங்கி அடுத்த சூன் 30-ஆம் நாள் முடிகிறது. தலைவர் பொறுப்புப் பொதுவாக ஓராண்டுக்கே. அடுத்து வருபவர் யார் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டு, அவர் பயிற்சியும் பெற்றுவிடுகிறார். ஆகவே பதவி மாறுவதில் சண்டை சச்சரவு குறைவு, வேலையும் தடைபடுவதில்லை.

இரண்டாவது செய்தி, தொழில் பற்றியது. மருத்துவர், பொறியாளர், வணிகர், கணக்காய்வாளர், அச்சகத்தார் என்று பல தொழிலினரையும் ஒரே அவையில் அமர்த்த வேண்டும் என்பது ரோட்டரியின் தொடக்ககால விதி. இதன் பயன் என்னவென்றால், ஒரு முகாம் நடத்த வேண்டுமானால் மருத்துவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர் பக்கத்து நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறார். துண்டறிக்கை அச்சிடுபவரும், பந்தல் போடுபவரும், கணக்கு எழுதுபவரும் அங்கேயே இருக்கிறார்கள்.

மூன்றாவது செய்தி, இளைஞர் பற்றியது. பள்ளி மாணவருக்கு இன்டராக்ட் (1962), கல்லூரி வயதினருக்கு ரோட்டராக்ட் (1968), அரிமா சங்கத்தின் சார்பில் லியோ சங்கம் (1957) என்று தங்களுக்குப் பின் வருவோரை அவர்கள் முன்னரே ஆயத்தம் செய்கிறார்கள்.

ஒழுங்கு, தொழில்திறன், அடுத்த தலைமுறை ஆகிய இந்த மூன்றும் எந்த ஜமாஅத்துக்கும் தேவையானவையே. ஆயினும் அவர்களிடம் ஒரு குறையும் உண்டு. அக்குறையை நிரப்பக்கூடிய பொருள் நம்மிடம் இருக்கிறது. இந்த உரையின் நோக்கமே அதை எடுத்துச் சொல்வதுதான்.

முகாம் முடிந்த பிறகு

கண்புரை அறுவை முகாம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 1976-ஆம் ஆண்டு மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை, தமிழ்நாடெங்கும் கையாண்டு வெற்றி கண்ட முறை ஒன்று உண்டு. உள்ளூர்ச் சங்கம் ஒன்று இடம் பிடித்து, விளம்பரம் செய்து, வருவோருக்கு உணவும் ஏற்பாடு செய்யும். மருத்துவமனை தன் மருத்துவர்களையும் செவிலியரையும் கருவிகளையும் அனுப்பும். அறுவை தேவைப்படுவோர் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அறுவை முடிந்து, விழிவில்லை பொருத்தப்பட்டு, ஊர் திரும்புவர். யாருக்கு எது தெரியுமோ அதை அவர் செய்வது என்ற எளிய பங்கீடே இதன் அடிப்படை. இத்தகைய முகாம்களை அரிமா, ரோட்டரி சங்கத்தார் ஆண்டுதோறும் நம் பகுதிகளிலும் வேறு பல மருத்துவமனைகளுடன் இணைந்து நடத்தி வருகிறார்கள்.

ஆனால் முகாமில் பெயர் எழுதிக்கொண்ட எல்லோரும் அறுவைக்குப் போய்விடுவதில்லை. பேருந்து புறப்படும் நாளில் வராமல் நின்றுவிடுவோர் உண்டு. போய்வந்தவர்களிலும் மறு பரிசோதனைக்குச் செல்லாதவர்கள் உண்டு. அறுவைக்குப் பின் சில வாரங்கள் சொட்டு மருந்து இட வேண்டும், கண்ணில் தண்ணீர் படக்கூடாது, அதிகம் குனியக்கூடாது. தனியே வாழும் மூதாட்டிக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து இடுவது யார்? சங்கத்தார் தத்தம் தொழிலுக்குத் திரும்பிவிட்டனர். மருத்துவமனையோ வெகு தொலைவில் உள்ளது.

நம் சமுதாயத்துப் பெரியவர்களுக்கென்று தனியே ஒரு தயக்கமும் இருக்கிறது. "ஒளு செய்யாமல் எப்படி இருப்பது? சஜ்தா செய்யாமல் எப்படித் தொழுவது?" என்று எண்ணி, பார்வை மங்கிக்கொண்டே போனாலும் அறுவையைத் தள்ளிப்போடும் முதியவர்களை நாம் அறிவோம். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகைகளை இமாம் அவர்கள் ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் விளக்கிச் சொன்னால் அத்தயக்கம் தீரும். எந்த அரிமா சங்கத் தலைவராலும் செய்ய முடியாத பணி இது. நம் மிம்பரால் மட்டுமே செய்யக்கூடியது.

சங்கத்தாரால் முகாமை நன்றாக நடத்த முடிகிறது. முகாமுக்கு மறுநாள் தொடங்கும் வேலைக்கு அவர்களிடம் ஆளில்லை. மஹல்லாவிலோ ஐவேளையும் கூடுகின்ற மக்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், யார் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்பது நமக்குத் தெரியும்.

சானடோரியம் சொல்லும் பாடம்

தொடர்ந்து கவனிப்பதன் அருமையை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தாம்பரம் சானடோரியம் என்று ஒரு தொடர்வண்டி நிலையம் நமக்கு இருக்கிறது. அப்பெயர் வந்த காரணம் எத்தனை பேருக்குத் தெரியும்? காசநோய் என்றால் வீட்டாரே அஞ்சி விலகிய காலத்தில், டாக்டர் சௌரி முத்து என்ற தமிழ் மருத்துவர் 1928-இல் இங்கே காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை நிறுவினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. ஒரு தனிமனிதர் தொடங்கிய தொண்டு பெரும் அரசு நிறுவனமாக வளர்ந்து, அதன் பெயர் ஊருக்கே நிலைத்துவிட்டது.

காசநோய்க்கு மருந்து உண்டு. அரசு அதை இலவசமாகவே தருகிறது. ஆனால் சாதாரணக் காசநோய்க்கும் ஆறு மாதம் விடாமல் மருந்து உண்ண வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர்; அவ்வாறு நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது மாறக்கூடும். நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய "நிக்ஷய் மித்ரா" திட்டத்தின்படி, ஒரு சங்கமோ நிறுவனமோ தனிநபரோ, நோயாளியின் ஒப்புதலுடன் அவரைத் தத்தெடுத்து, சிகிச்சைக் காலம் முழுவதும் சத்துணவுப் பொருள்கள் வழங்கலாம். ரோட்டரி, அரிமா சங்கங்கள் இதில் பங்கேற்கின்றன. ஒரு ஜமாஅத்தும் பங்கேற்கலாம். நம் பைத்துல்மாலின் நோக்கத்துக்கு இதைவிட ஏற்ற பணி வேறு எது?

போலியோவை ஒழித்த கூட்டுமுயற்சி

சேவைச் சங்கமும் பள்ளிவாசலும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே மாபெரும் சான்று உண்டு.

ரோட்டரி 1979-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து வழங்கும் பணியில் இறங்கியது. 1985-இல் உலகளாவிய போலியோ ஒழிப்புத் திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், உள்ளூர் ரோட்டரி சங்கத்தின் துணையுடன் 1980-களில் ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து தரும் முறையைச் செயற்படுத்திக் காட்டினார். 1988-இல் உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் இணைந்தன. அப்பொழுது உலகில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகள் போலியோவால் தாக்கப்பட்டு வந்தனர். 1995 முதல் இந்தியா முழுவதும் போலியோ சொட்டு மருந்து நாள் கடைப்பிடிக்கப்பட்டது.

ஆயினும் 2002-இல் நம் நாட்டில் 1,600 குழந்தைகள் போலியோவுக்கு ஆளாயினர். அவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தவர். அவர்களிலும் முஸ்லிம் குழந்தைகளின் எண்ணிக்கை மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகம். சொட்டு மருந்து குழந்தையை மலடாக்கிவிடும் என்ற வதந்தி பரவி, வீடு தேடி வந்த பணியாளர்கள் முன் கதவுகள் சாத்தப்பட்டன. மருந்தும் பணமும் ஆளும் இருந்தும், நம்பிக்கை ஒன்று இல்லாததால் குழந்தைகள் கால் முடமாயினர்.

நிலைமை எப்படி மாறியது? அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா, ஜாமிஆ ஹம்தர்த் ஆகிய நிறுவனங்கள் 2003 முதல் இப்பணியில் இணைந்தன. உலமாக்கள் வேண்டுகோள் விடுத்தனர். ரோட்டரியும் உலமாக்களை நாடிச் சென்று அவர்களைக் கொண்ட குழுவை அமைத்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொட்டு மருந்து அறிவிப்புகள் ஒலித்தன. சாத்திய கதவுகள் திறந்தன. 2009-இல் 741 ஆக இருந்த பாதிப்பு 2010-இல் 42 ஆகக் குறைந்தது. 2011 சனவரி 13-ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண் குழந்தைக்கு ஏற்பட்டதே இந்தியாவின் கடைசிப் பாதிப்பு. 2014 மார்ச் 27-இல் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது.

ரோட்டரி மட்டும் இதைச் சாதித்தது என்றோ, உலமாக்கள் மட்டும் சாதித்தார்கள் என்றோ சொல்ல முடியாது. அரசும் மருத்துவரும் சுகாதாரப் பணியாளரும் சங்கத்தாரும் ஆலிம்களும் ஒன்றுசேர்ந்தபோதுதான் அது முடிந்தது.

இரத்தம் கொடுப்போர் பட்டியல்

நமக்கு அருகிலுள்ள தரமணியில் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி அவர்கள் 1958-இல் தொடங்கிய தன்னார்வ சுகாதாரச் சேவை நிறுவனம் இருக்கிறது. அங்கே இயங்கும் இரத்த வங்கியின் பெயரிலேயே ரோட்டரியின் பெயரும் இணைந்திருப்பதைக் காணலாம். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தொடர்ந்து, பணம் பெற்றுக்கொண்டு இரத்தம் கொடுக்கும் வழக்கம் 1998 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அன்று முதல் தன்னார்வக் கொடையாளர்களை நம்பியே இரத்த வங்கிகள் உயிர் வாழ்கின்றன.

சேகரித்த இரத்தத்தைச் சுமார் 35 நாட்களுக்குமேல் வைத்திருக்க இயலாது; தட்டணுக்களோ ஐந்து நாட்களே தாங்கும். எனவே ஆண்டுக்கொரு முறை பெரிய முகாம் நடத்தி ஒரே நாளில் நிறைய இரத்தம் சேர்ப்பதைவிட, ஆண்டு முழுவதும் சீராகக் கொடுப்பதே பயனுள்ளது. கல்லூரிகள் மூடியிருக்கும் கோடை விடுமுறையில் இரத்தத் தட்டுப்பாடு ஏற்படுவது வழக்கம். டெங்கு பரவும் மழைக்காலத்தில் தட்டணுக்களுக்காக உறவினர்கள் அலைவதை நாம் கண்டிருக்கிறோம். 18 வயது நிறைந்த, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, உடல்நலமுள்ள ஆண் 90 நாட்களுக்கு ஒருமுறையும், பெண் 120 நாட்களுக்கு ஒருமுறையும் இரத்தம் கொடுக்கலாம். நம் மஹல்லாவின் இளைஞர்கள் தங்களை மூன்று பிரிவாக அமைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒரு பிரிவு என்று முறை வைத்தால், எந்த மாதமும் நம் பங்கு இல்லாமல் போகாது. இதற்குப் பந்தலும் வேண்டாம், மேடையும் வேண்டாம். ஒரு குறிப்பேடும் அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவரும் போதும்.

மழை சொல்லித் தந்தது

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் காலை முதல் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றின் கரைகள் மீறப்பட்டன. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பகுதிகளில் வீதிகளில் படகு ஓடியது. அந்நாட்களில் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் திருமண மண்டபங்களும் எல்லா மக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. முஸ்லிம் இளைஞர்கள் கழுத்தளவு நீரில் இறங்கிச் செய்த மீட்புப் பணியைத் தமிழகமே பேசியது. சேவைச் சங்கத்தார் போர்வை, பால்மாவு, மருந்து, சமைத்த உணவு என்று வண்டி வண்டியாகக் கொண்டுவந்தனர்.

அன்று பொருளுக்குக் குறைவில்லை. எது எங்கே தேவை என்ற செய்திக்குத்தான் பஞ்சம். பெருஞ்சாலையை ஒட்டிய தெருக்களுக்கு உணவுப் பொட்டலங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. உட்புறத் தெருக்களுக்கு எட்டவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டிய சிறுநீரக நோயாளி எந்த வீட்டில் இருக்கிறார், மின்சாரம் இல்லாமல் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க முடியாதவர் யார், நிறைமாத கர்ப்பிணி எந்த மாடியில் இருக்கிறார் என்பதை வெளியிலிருந்து வந்த தொண்டர் எப்படி அறிவார்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை வட்டாரங்களில் நீர் சூழ்ந்தது. மழை இனியும் வரும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பட்டியல், சமயம் பாராமல், செப்டம்பர் மாதத்திலேயே நம்மிடம் ஆயத்தமாக இருக்குமானால், வண்டியுடன் வரும் சங்கத்தாரிடம் அதைக் கொடுத்து, "இந்த வீட்டுக்கு முதலில் செல்லுங்கள்" என்று நம்மால் சொல்ல முடியும்.

பம்மலும் சிட்லபாக்கமும்

பெரிய சங்கங்கள்தாம் தொண்டு செய்யும் என்பதும் இல்லை. 1989-இல் வங்கி அதிகாரியாயிருந்த எம்.பி. நிர்மல் அவர்கள் சென்னையில் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கினார். தெருவாசிகளே கூடித் தத்தம் தெருவின் குப்பைக்குப் பொறுப்பேற்பது அதன் முறை. நம் அண்டை ஊரான பம்மலில் 1990-களில் திருமதி மங்களம் பாலசுப்பிரமணியன் உள்ளிட்ட குடும்பப் பெண்கள் இப்பணியில் இறங்கினர். வீடு வீடாகச் சென்று, மக்கும் குப்பையையும் மக்காக் குப்பையையும் பிரித்துக் கேட்டுப் பெற்று, மண்புழு உரமாக்கிக் காட்டினர். குப்பையைப் பிரித்து வாங்குவது இன்று மாநகராட்சியின் அன்றாட நடைமுறை. அதை முன்னரே செய்து காட்டியவர்கள் இந்தப் பெண்கள்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது சிட்லபாக்கத்து மக்கள் விடுமுறை நாட்களில் தாங்களே ஏரியில் இறங்கிக் குப்பைகளை அகற்றினர். மக்களின் ஊக்கத்தைக் கண்ட பின்னர் அரசு அவ்வேரியின் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியான போது பம்மல், சிட்லபாக்கம் இரண்டும் அதனுள் அடங்கின. இன்று 70 வார்டுகள் கொண்ட இம்மாநகராட்சியில் ஒவ்வொரு வார்டிலும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. மக்கள் முதலடி எடுத்து வைத்தால் அரசும் பின்தொடரும் என்பதற்கு இவ்விரு ஊர்களும் சான்று.

நம்முடைய தயக்கங்கள்

இவற்றைக் கேட்கும்போது சிலருக்குத் தயக்கம் எழுவது இயல்பு. "அவை வசதி படைத்தவர்களின் சங்கங்கள், புகைப்படத்துக்காகச் செய்பவர்களும் அங்கே உண்டு" என்பார்கள். இருக்கலாம். ஆனால் பெயருக்காகக் கொடுத்த மூக்குக் கண்ணாடியிலும் எழுத்துத் தெரியத்தான் செய்கிறது. கொடுத்தவரின் உள்ளத்தை இறைவன் அறிவான். பெற்றவரின் தேவையை நாம் அறிவோம். இச்சங்கங்களில் உறுப்பினராவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. அவ்விவாதத்துக்குள் நாம் புகவில்லை. கண் முகாமுக்கு மதரஸா கூடத்தைத் திறந்துவிடுவதற்கும் இரத்தம் கொடுப்பதற்கும் யாரும் எந்தச் சங்கத்திலும் சேர வேண்டியதில்லை.

வேறு சிலர், "நம் ஏழைகளுக்கே செய்து முடியவில்லை, ஊராருக்கு என்ன செய்வது?" என்பார்கள். ஏரி நீர் ஒரு சமயத்தாரின் வீட்டில் மட்டும் புகுவதில்லை. தெருவில் தேங்கிய நீரில் பிறந்த கொசு யாரையும் மதம் கேட்டுக் கடிப்பதில்லை. அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் உண்பவனை நம் மார்க்கம் எவ்வாறு காண்கிறது என்பதை இங்கு அமர்ந்திருக்கும் சிறுவர்களும் அறிவர்.

ஃபர்ளு கிஃபாயா என்று நாம் ஒன்றைச் சொல்கிறோம். சிலர் செய்துவிட்டால் அனைவரின் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளியாவோம். ஜனாஸா தொழுகையில் இதை நாம் நன்றாகவே கடைப்பிடிக்கிறோம். இறந்தவருக்கு நிற்க ஒரு ஊரே திரண்டு வருகிறது. உயிரோடிருக்கும்போதே அவருக்குச் சொட்டு மருந்து இட ஒருவர் வந்திருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்!

செய்யத்தக்கவை

நிர்வாகக் குழுவின் கனிவான கவனத்துக்கு நாம் வைக்கும் வேண்டுகோள்கள் சிலவே.

முதலாவது, அடுத்த கண் பரிசோதனை முகாமை நம் மதரஸா கூடத்தில் நடத்தித் தருமாறு அருகிலுள்ள சங்கத்தாரை நாமே அழைப்போம். அறுவைக்குத் தேர்வாகும் ஒவ்வொருவருக்கும், அவர் எச்சமயத்தவராயினும், நம் இளைஞர் ஒருவரைத் துணையாக நியமிப்போம். பெண்களுக்குப் பெண்களே துணையாவர். பேருந்தில் ஏற்றுவது முதல் கடைசிப் பரிசோதனை வரை அது அவருடைய பொறுப்பு.

இரண்டாவது, இரத்தக் கொடையாளர் குறிப்பேடு ஒன்றைத் தொடங்குவோம்.

மூன்றாவது, மழைக்குமுன் தெருவாரியான பட்டியலை ஆயத்தம் செய்வோம். இப்பணியை நம் சகோதரிகளிடம் ஒப்படைப்பது சாலச் சிறந்தது. வீட்டினுள் சென்று விசாரிக்க அவர்களால்தான் முடியும். அப்பட்டியல் பொறுப்பாளரின் கையில் மட்டுமே இருக்க வேண்டும்; பிறர் நோயை ஊரறியச் செய்வது தொண்டாகாது.

நான்காவது, காசநோயாளி ஒருவரையேனும் இவ்வாண்டு முழுச் சிகிச்சைக்காலத்துக்கும் பைத்துல்மால் சார்பில் ஏற்றுக்கொள்வோம்.

ஐந்தாவது, இப்பணிகளுக்கான பொறுப்பாளரை ஓராண்டுக்கு மட்டும் நியமித்து, அடுத்தவரை இப்போதே உடன் பழக்குவோம். சங்கத்தாரிடமிருந்து நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல வழக்கம் இது.

இறுதியாக ஒன்று. ஆண்டறிக்கைகளில் "முகாமில் இத்தனை பேர் கலந்துகொண்டனர்" என்று எழுதுவது எங்கும் வழக்கம். அடுத்த ஆண்டு நம் அறிக்கையில் அவ்வரிக்குக் கீழே இன்னொரு வரியும் இடம்பெறட்டும்: இத்தனை பேர் சிகிச்சையை முழுமையாக முடித்தனர் என்று. முதல் வரியை எழுத ஒரு நாள் உழைப்புப் போதும். இரண்டாவது வரியை எழுத ஓராண்டு உழைக்க வேண்டும். அவ்வெண்ணிக்கை சிறியதாயிருந்தாலும் குறைவில்லை; உண்மையாயிருந்தால் போதும்.

நல்லெண்ணத்துடன் தொடங்கும் பணிகளை நிறைவாக முடித்துவைக்கும் ஆற்றலை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.